நீலச் சீட்டு

மிங்கோ வாசற்படியிலேயே நின்றான். உள்ளே வரவும் இல்லை, தொப்பியைக் கழற்றவும் இல்லை. அவன் நிழல் பைனாவின் முறத்தில் விழுந்ததால் அரிசியில் கல் எது குருணை எது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஜெபக்கூடத்துக்கு உடுத்திப்போன கவுனைக்கூட மாற்றாமல் புடைக்க உட்கார்ந்துவிட்டாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, அதனால்தான். அவள் புருஷன் மிங்கோ, பண்ணை முதலாளி கர்னல் டெல்வினின் பெரிய வீட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறான், நல்ல செய்தியாக இருந்தால் வரப்பில் வரும்போதே கத்தியிருப்பான்.

"என்ன சொன்னாரு தொரை?"

"உக்காந்து சொல்றேன்."

"நிக்கிறதுதான் நிக்கிற. நின்னுக்கிட்டே சொல்லு."

மிங்கோ தொப்பியைக் கழற்றினான். அதற்குள்ளிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். பைனா வாங்கவில்லை. வாங்கிப் பார்க்க என்ன இருக்கிறது? நீலம். அந்த நிறம் ஆற்றுக்கு அக்கரையில் இருந்தாலும் தெரியும். அதற்காகத்தானே அந்த நிறத்தில் அச்சடிக்கிறார்கள். தேர்தலில் ஒவ்வொரு கட்சியும் தன் சீட்டைத் தானே அச்சடித்து ஆட்கள் கையில் கொடுக்கும். கொடுத்ததைப் பெட்டியில் போட வேண்டியது. கறுப்பு ஜனங்களின் கட்சிச் சீட்டில் கழுகு இருக்கும். கர்னலின் ஆட்களுடையது நீலம். எவன் எதைப் போடுகிறான் என்று குதிரைமேல் உட்கார்ந்தபடியே எண்ணிக்கொள்ளலாம்.

"செவ்வாக்கெழமை இத நான் எல்லாரும் பாக்கப் போடணுமாம். போட்டா நம்ம புள்ள டைட்டஸ ஜெயில்லேர்ந்து வெளிய விடுவாங்களாம். தொரையே பொறுப்பு ஏத்துக்குவாராம். மூணு வருஷ தண்டனைய அவரு வயல்லயே வேலை செஞ்சு கழிச்சுக்கலாமாம்."

"போடலன்னா?"

"மறுநா காலைல ரயில் பாதை போடுற கைதிக் கும்பலோட அனுப்பிருவாங்களாம்."

பைனா புடைத்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தாள், உமி முறத்தில் கிடக்கிறது, அரிசி தரையில் கிடக்கிறது. "அந்தாளு சாவ மாட்டேங்கிறானே," என்றாள். கர்னலைத்தான் சொன்னாள். மிங்கோ தரையில் குந்தி ஒவ்வொரு அரிசியாகப் பொறுக்க ஆரம்பித்தான்.

அமெரிக்காவின் தெற்குச் சீமையில் அடிமைகளுக்கு விடுதலை வந்து பதினோரு வருஷம் ஆகிறது. முதலில் அடிமைத்தனம் இல்லை என்று அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள், பிறகு கறுப்பு ஆம்பளைக்கும் ஓட்டு உண்டு என்று திருத்தினார்கள். பொம்பளைக்கு ஓட்டு என்ற பேச்சே அதில் இல்லை. ஆனால் அந்த ஆற்றங்கரைப் பெண்களிடம் போய் அதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும் சேதி. பெட்டி வரைக்கும் நடந்துபோக ஒரு ஜோடி கால் வேண்டும், அதற்குத்தான் புருஷன். மற்றபடி ஓட்டு வீட்டுக்குச் சொந்தம், பெண்டாட்டிக்கும் பிள்ளைக்கும் அதில் பங்கு உண்டு என்பது அவர்கள் வாதம். தேர்தல் நாளில் வயல் வேலையைப் போட்டுவிட்டு, களைக்கொட்டுக் கம்புகளைத் தோளில் வைத்துக்கொண்டு, ஆம்பளைகளுக்குப் பின்னாலேயே அத்தனை பேரும் போவார்கள். பாட்டுப் பாடிக்கொண்டுதான் போவார்கள், ஆனால் கம்பு கம்புதான்.

அந்தக் கூட்டத்துக்கு முன்னால் நடப்பவள் பைனா. ஜெபக்கூடத்தில் வேதப் புத்தகத்தின்மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கினவளும் அவள்தான். எந்த வீட்டு ஆம்பளை நீலச் சீட்டைப் போடுகிறானோ, அவனுக்கு அந்த வீட்டில் இனிமேல் சோறும் இல்லை, படுக்கையும் இல்லை. பெட்டியில் போட்டுவிட்டு இறங்கி வரும் இடத்திலேயே அவன் பெண்டாட்டி அவன் சட்டையைக் கிழித்து அனுப்பிவிட வேண்டும். சும்மா பேச்சுக்குச் சொன்னதல்ல. போன தேர்தலில் பைனாவின் சிநேகிதி ஆகாரின் புருஷன், கேட்டோ என்பவன், குடிசையைக் காலி செய்யச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து நீலத்தைப் போட்டான். ஆகார் பைனாவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "உனக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு எல்லாருக்கும் விட்டுக்குடுக்கணும்டி," என்று சொல்லி, அவள் கையைத் தன் கையால் பிடித்துக் கேட்டோவின் காலரில் வைத்தவள் பைனா. கேட்டோ சவான்னா துறைமுகத்துக்குப் போய்விட்டான். அங்கே வேறொருத்தி இருக்கிறாள் என்று கேள்வி.

டைட்டஸ் செய்த குற்றத்தைக் குற்றம் என்று சொன்னால் வயிறு எரியும். அறுப்பு முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கினான். அடிமையாக இருந்த காலத்தில்கூட அது அவர்களுக்கு உரியது. சவுக்கோடு நின்ற கங்காணியே அதைத் தடுத்ததில்லை. இந்த வருஷம் திடீரென்று, பொழுது சாய்ந்தபின் வயலில் எதைத் தொட்டாலும் திருட்டு என்று ஆகிவிட்டதாம். யாரும் வந்து சொல்லவில்லை. அரைக் கூடைக் கதிரோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்த பையனை வரப்பிலேயே மடக்கி இழுத்துக்கொண்டு போனார்கள். பதினேழு வயசு. ரயில் பாதைக்குப் போனவர்களில் திரும்பி வந்தவன் என்று ஊரில் ஒருத்தனைக்கூடக் காட்ட முடியாது.

விடுதலை வந்த புதிதில் வடக்கேயிருந்து வந்த டீச்சரம்மா அடிமைத்தனத்தை ஒழித்த சட்டத்தை ஜெபக்கூடத்தில் வாசித்துக் காட்டியிருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதை ஜெபம் போல மனப்பாடம் செய்தார்கள். அடிமைத்தனமோ கட்டாய வேலையோ, குற்றத்துக்குத் தண்டனையாக விதிக்கப்பட்டால் ஒழிய, இந்த நாட்டில் எங்கும் இருக்கக் கூடாது. பைனா அதை எத்தனையோ தடவை சத்தமாகச் சொல்லியிருக்கிறாள். முதலையும் கடைசியையும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவாள், நடுவில் வருவதை வேகமாக முழுங்கிவிடுவாள். அது யாரோ கொலைகாரனுக்காக எழுதினது என்று நினைத்திருந்தாள். இப்போது அவள் பிள்ளை அந்த நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

திங்கட்கிழமை காலையில் சிவப்புப் பயறு போட்ட சோறும் பொரித்த மடவை மீனும் எடுத்துக்கொண்டு டவுன் ஜெயிலுக்கு நடந்தாள். காவல்காரன் மீனைத் தனக்கு எடுத்துக்கொண்டு சோற்றை உள்ளே விட்டான். டைட்டஸ் கம்பிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். கணுக்காலில் சங்கிலி உரசி உரசித் தோல் போயிருந்தது.

"மீன் வாசன வந்துச்சே. மீன் எங்கம்மா?"

"அவன் வயித்துல."

"முள்ளு மாட்டட்டும்," என்று சிரித்துக்கொண்டே சோற்றை அள்ளினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "அம்மா, நாளைக்கு எலக்சன்ல? இங்க ஒருத்தன் எங்கிட்ட கேக்குறான், உங்கப்பன் எந்தச் சீட்டுடா போடுவான்னு. நான் சொன்னேன், எங்கம்மா யாருன்னு தெரியுமாடா உனக்கு, எங்க வீட்டுல நீலம் உள்ள வந்தா வீடே எரிஞ்சிரும்னு."

"வாய மூடிக்கிட்டு தின்னு," என்றாள் பைனா. அந்த நீலச் சீட்டு அவள் மாவுப் பானைக்கு அடியில் இருந்தது.

அப்போது உள்ளே ஒரு வெள்ளைக்காரன் வந்தான். நல்ல கோட்டு, நல்ல பூட்ஸ். ரயில் பாதைக் காண்ட்ராக்டரின் ஆள் என்று காவல்காரன் சொன்னான். டைட்டஸை எழுந்து நிற்கச் சொன்னான் அவன். தோளை அமுக்கிப் பார்த்தான். குந்தச் சொன்னான், எழும்பச் சொன்னான். பிறகு கட்டைவிரலை அவன் வாயில் விட்டு உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தான். சோற்றுப் பருக்கை அவன் விரலில் ஒட்டிக்கொண்டது. அதை டைட்டஸின் சட்டையிலேயே துடைத்தான். டைட்டஸ் அம்மாவைப் பார்த்துக் கூச்சத்தோடு சிரித்தான்.

சவான்னா சந்தையில் பைனாவை விற்றபோது அவளுக்குப் பதினாலு வயசு. அன்றைக்கு அவளும் இதே மாதிரிதான் சிரித்தாள். என்ன செய்வதென்று தெரியாவிட்டால் பிள்ளைகள் சிரித்துவிடுகின்றன. காலி வட்டிலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். சத்தியமாவது மண்ணாவது, என் பிள்ளை எனக்கு வேண்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

சொல்லிவிட்டாளே தவிர, திரும்பி நடக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு யோசனை வந்தது. கர்னல் வயலில் மூணு வருஷம் என்றால் அது மட்டும் விடுதலையா? விற்கப்பட்ட பிறகு அவள் வந்து சேர்ந்த அதே குடிசை வரிசை, அதே மணி, அதே கங்காணி. ஆனாலும் கண்ணால் பார்க்கலாம். செத்தால் தெரியும். அதைவிடப் பெரிய யோசனை வேறே. ஒரு பையனைப் பிடித்து உள்ளே போட்டால் ஒரு வீட்டு ஓட்டு கிடைக்கும் என்று கர்னல் கண்டுகொண்டால், பையன் இருக்கிற எந்த வீட்டை விட்டு வைப்பான்? இது வெளியே தெரியக் கூடாது. மிங்கோ பயந்து போட்டான், பைனா சொன்ன சொல் தவறாமல் அவனை விரட்டினாள், அவ்வளவுதான் ஊருக்குத் தெரிய வேண்டும். டைட்டஸை ஒரு மாசம் கழித்து யாரோ ஜாமீன் எடுத்ததாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆகாரிடம் மட்டும் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அவள் வீட்டுக்குப் போனாள். ஆகார் வாசலில் உட்கார்ந்து வெண்டைக்காயை நூலில் கோத்துக்கொண்டிருந்தாள். அவள் பையன்கள் இரண்டு பேரும் கூரையில் ஏறி ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எப்படி இருக்கான்டி?"

"இருக்கான். மெலிஞ்சிட்டான்."

"கர்த்தர் பாத்துக்குவாரு." ஆகார் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "நாளைக்கு நான் உன் பக்கத்துலயே நடக்குறேன். நீ தனியா நடக்க வேணாம்."

"ஆகார், உங்கிட்ட ஒண்ணு..."

"இரு, நான் சொல்லிக்கிறேன். ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். கேட்டோ போனப்ப மனசுக்குள்ள உன்ன எவ்வளவு திட்டியிருப்பேன் தெரியுமா? நீ செத்தாக்கூட அழக் கூடாதுன்னு நெனச்சேன். இப்ப இல்ல. நீ செஞ்சது சரி. உன் வீட்டுல நடந்திருந்தாலும் நீ அதத்தான் செஞ்சிருப்ப. அத நெனச்சிக்கிட்டுத்தான்டி எனக்குத் தூக்கம் வருது." அவள் தலை நிமிர்ந்தாள். "நீ என்னமோ சொல்ல வந்தியே?"

"வெண்டக்கா முத்தலா இருக்கேன்னு சொல்ல வந்தேன்," என்றாள் பைனா.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் மாவுப் பானையைத் தூக்கிச் சீட்டை எடுத்து மிங்கோவின் கையில் வைத்தாள். அவன் தன்னிடமிருந்த ஒரே நல்ல சட்டையைப் போட்டிருந்தான்.

"அதப் போட்டுக்காதய்யா. கிழியப் போவுது."

"பழசப் போட்டா முன்னாடியே தெரிஞ்சு வந்த மாதிரி இருக்கும்." அவன் எப்போதும் பொறுமையாக யோசிக்கிறவன். பொத்தானைக் கடைசிவரை போட்டுக்கொண்டான். "நான் எங்க போறது, அத யோசிச்சியா?"

"பழைய மில்லு பக்கம் போ. ரெண்டு மூணு மாசம் போவட்டும். நான் வர்றேன், எப்படியாவது வர்றேன்."

"அதெல்லாம் வர முடியாது பைனா. உன்ன அத்தன பேரும் பாத்துக்கிட்டு இருப்பாளுங்க."

அவளுக்கும் அது தெரியும். அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மிங்கோ அவள் முதுகில் கை வைத்தான்.

"அடிக்கும்போது நல்லா அடி. மெதுவா அடிச்சா நம்ப மாட்டாளுங்க."

"வாய மூடு."

"வலது காது வேணாம். ஏற்கெனவே கேக்கல அது." அவளைச் சிரிக்க வைக்கப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவனைக் கட்டிக்கொண்டு, அந்தச் சட்டையிலேயே முகத்தைப் புதைத்து அழுதாள்.

ஓட்டுப் பெட்டி கடை வராந்தாவில் இருந்தது. கர்னலின் ஆட்கள் துப்பாக்கியோடு குதிரைமேல் இருந்தார்கள். வரிசையில் நின்ற ஆம்பளைகள் சீட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்று உத்தரவு. சாலைக்கு இந்தப் பக்கம், ஓக் மரத்துக்குக் கீழே பெண்கள். கழுகு, கழுகு, கழுகு என்று போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு கழுகுக்கும் குலவை எழுந்தது. நன்றாகப் பாடிக்கொண்டிருந்தார்கள், பைனாவும் பாடினாள், அவள் குரல்தான் எப்போதும் போல உரக்கக் கேட்டது.

மிங்கோவின் கை மேலே போனது.

"யாரு அது நீலம்? கண்ணு தெரியலடி எனக்கு."

"மிங்கோ மாதிரி இருக்கு."

"போடி! பைனா புருஷனாவது நீலம் போடுறதாவது. நல்லாப் பாரு."

நன்றாகத்தான் பார்த்தார்கள். பாட்டு நின்றுவிட்டது. குதிரைமேல் இருந்த ஒருவன் மட்டும் விசில் அடித்தான். மிங்கோ சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு, படி இறங்கி, சாலையைத் தாண்டி நேராக அவர்களை நோக்கி வந்தான். ஓடியிருக்கலாம். ஓடவில்லை. பெண்கள் விலகி வழிவிட்டார்கள், பைனாவும் அவனும் எதிரெதிரே நின்றார்கள்.

முதல் அடி இடது கன்னத்தில் விழுந்தது. "சோரம் போனவனே! எங்களை வித்துட்டியேடா! உன் புள்ள உள்ள கெடக்கும்போது, அவனப் புடிச்சவனுக்கே ஓட்டுப் போட்டியாடா!" என்று கத்தினாள். ஊர் கேட்கத்தான் கத்த ஆரம்பித்தாள். பாதியில் அது நடிப்பாக இல்லாமல் போயிற்று. அவன் ஏன் இத்தனை சாதுவாக நிற்கிறான், ஏன் சொன்னதைச் செய்கிறான், முடியாது என்று ஒரு தடவை சொல்லியிருந்தால் இந்தப் பாவம் தனக்கு இல்லாமல் போயிருக்குமே என்று நிஜமாகவே ஆத்திரம் வந்தது. காலரைப் பிடித்து இழுத்தாள். பொத்தான்கள் தெறித்தன, சட்டை நீளத்துக்குக் கிழிந்து கையோடு வந்தது. முதுகில் பழைய சவுக்குத் தழும்புகள் தெரிந்தன. அவள் இன்னும் அடித்துக்கொண்டே இருந்தாள். மிங்கோ அவளை நிமிர்ந்து பார்த்தான். அவன் கண்ணில் முதல் தடவையாகப் பயம் இருந்தது. பிறகு திரும்பி, வெறும் உடம்போடு, சாலையில் நடக்க ஆரம்பித்தான். மற்றவர்கள் சேற்றை அள்ளி எறிந்தார்கள்.

ஆகார் எறியவில்லை. கிட்டே வந்தாள்.

"டைட்டஸுக்காகவா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

பைனா கையிலிருந்த சட்டையைச் சுருட்டிக்கொண்டாள். பேசினால் எல்லாம் வந்துவிடும்.

"நீயா அனுப்பிவச்ச?"

"இல்ல."

"சத்தியமா?"

பைனா வாயைத் திறந்தாள். அப்போது டவுன் சாலையில் வண்டிச் சத்தம் கேட்டது. கர்னலின் வண்டி. ஜெயிலிலிருந்து கர்னல் வயலுக்கு ஆற்றோர வழிதான் குறுக்கு வழி, எல்லா வண்டியும் அந்த வழியாகத்தான் போகும். இந்த வண்டி கடையைச் சுற்றிக்கொண்டு, இத்தனை பேர் நிற்கிற இடத்துக்கு, அவசரமே இல்லாமல் வந்தது. இன்றைக்கே விடுவான் என்று அவள் நினைக்கவில்லை. இப்படி ஊர்வலமாகக் கொண்டு வருவான் என்று கனவிலும் நினைக்கவில்லை. வண்டியில் டைட்டஸ் உட்கார்ந்திருந்தான். கணுக்காலில் சங்கிலி இருந்தது. அவர்களைத் தாண்டியதும் வண்டிக்காரன் வேகம் எடுத்தான், டைட்டஸ் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பிக் கத்தினான்.

"அம்மா! என்ன விட்டுட்டாங்கம்மா! வழியில அப்பாவப் பாத்தேன், ஒடம்பெல்லாம் சேறு! யாரும்மா அடிச்சது? அம்மா, அப்பாவ யாரு அடிச்சது?"

வண்டி கர்னல் வீட்டு மரவரிசைக்குள் திரும்பியது. அதுவரைக்கும் அவன் கேட்டுக்கொண்டேதான் போனான்.

ஆகார் தன் பையன்கள் இருந்த பக்கம் திரும்பினாள். வேலிமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்களை இறங்கச் சொன்னாள். இரண்டு பேரின் மணிக்கட்டையும் ஆளுக்கொரு கையில் இறுக்கிப் பிடித்தாள். "வலிக்குதும்மா" என்றான் சின்னவன். அவள் பிடியைத் தளர்த்தவில்லை, பைனாவைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை, வயல் வரப்பில் இறங்கி வீட்டுப் பக்கம் நடந்தாள். அதைப் பார்த்துவிட்டு இன்னொருத்தி தன் மகனைக் கூப்பிட்டாள். பிறகு இன்னொருத்தி. கம்புகளை அங்கேயே போட்டுவிட்டு, பிள்ளைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒவ்வொருத்தியாகப் போனார்கள். ஓக் மரத்துக்குக் கீழே பைனா மட்டும் நின்றாள். கையில் மிங்கோவின் சட்டை இருந்தது. அது இன்னும் அவன் உடம்புச் சூட்டோடு இருந்தது.